எந்நேரமும் என்னத்த நோண்டிக்கிட்டு இருக்க? – பாம்பன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பதில்கள்

எனக்கு வயது 16. பிளஸ் ஒன், கணினி அறிவியல் குரூப். வீடு பாம்பனில். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறார். மூன்று வருடமாக நான் எதையாவது பிரிப்பதும் கோர்ப்பதுமாக இருப்பதால் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்நேரமும் என்னத்த நோண்டிக்கிட்டு இருக்க?

இது அப்பத்தாவின் கேள்வி. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வரும். இப்போதைக்கு நான் நோண்டுவது மொட்டைமாடியில் இருக்கும் காற்றுப்பெட்டி. அதற்கு முன்பு ஒரு பழைய ரேடியோ, அதற்கும் முன்பு ஓடாமல் கிடந்த டேபிள் ஃபேன். ஃபேனில் போயிருந்தது கப்பாசிட்டர் மட்டும்தான். அதை மாற்றியதும் சுற்றியது. பதின்மூன்று வயதில் அந்த ஃபேன் சுற்றியபோது வந்த சந்தோஷத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது.

மாடியில் சுத்துதே கிண்ணம், அது என்ன?

காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. மூன்று எவர்சில்வர் குழிக்கரண்டிகளின் காம்பை வெட்டி, ஒரு பழைய பேரிங்கில் பொருத்தியிருக்கிறேன். அடியில் ஒரு சின்னக் காந்தம். காந்தம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் ரீட் சுவிட்ச் ஒருமுறை மூடித் திறக்கும். அதை ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டு எண்ணிக்கொள்ளும். நொடிக்கு எத்தனை சுற்று என்று தெரிந்தால் காற்றின் வேகம் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சுற்று என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? அதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காற்றே இல்லாத ஒரு விடியற்காலை பார்த்து, அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, குந்துகால் போகும் ரோட்டில் கருவியை ஒரு கம்பில் கட்டித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் முதலில் 20, அப்புறம் 30, அப்புறம் 40 என்று வேகத்தைப் பிடித்து வைத்தார். எவ்வளவு அமைதியான காலையிலும் கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு வேகத்திலும் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை அளந்து சராசரி எடுத்தோம். எதிர்க்காற்றும் பின்காற்றும் அதில் கழிந்துவிடும். மூன்று புள்ளிகளும் வரைபடத்தாளில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுந்தன. அந்தத் தாளை இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த யோசனை எனக்குப் பாலத்தைப் பார்த்து வந்தது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். சின்ன வயதில் மண்டபம் பக்கம் ரயில் நின்றால் எல்லாரும் “காத்துக்காக நிக்குது” என்பார்கள். ஒரு ரயிலையே நிறுத்தி வைக்கிற அந்தக் கருவியை நாமும் செய்து பார்க்க வேண்டும் என்று அப்போதே ஆசை.

அந்தப் பெட்டி வேற என்ன சொல்லும்?

வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம். இதில் காற்றழுத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் வாரம் வந்த அளவுகளைக் கோடாகப் போட்டுப் பார்த்தேன். நேராக இருக்கும் என்று நினைத்தால், தினமும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். காலை பத்து மணிவாக்கில் ஏறுகிறது, மாலை நான்கு மணிவாக்கில் இறங்குகிறது. இரவு பத்துக்கு மறுபடி மேடு, விடிகாலை நான்குக்கு மறுபடி பள்ளம். வெயில் பட்டு சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து, வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி அதற்கு ஒரு கூடு செய்தேன். அதற்குப் பிறகும் அதே மேடு, அதே பள்ளம். வேறு சென்சார் மாற்றினேன். அதிலும் அதே.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. சூரியன் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் கடலில் ஓதம் ஏறி இறங்குவதுபோலக் காற்றிலும் ஒரு ஓதம் ஏறி இறங்குகிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் அது மிகத் தெளிவாகத் தெரியும். நாம் வாழ்கிற காற்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஓதம் இருக்கிறது என்று இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தெரியாது. அன்று ராத்திரி அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் தூக்கத்திலேயே “கடல்ல இருக்கிறது காத்துல இல்லாமலா போகும்” என்றார்.

இந்த இரண்டு மேடு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை பயமில்லை. மேடு வரவேண்டிய நேரத்தில் வராமல் கோடு இறங்கிக்கொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும். கடலில் எங்கோ தாழ்வு நிலை உருவாகிறது என்று அர்த்தம்.

உப்புக்காத்துல இதெல்லாம் தாங்குமா?

தாங்காது. என் முதல் பெட்டி மூன்று மாதத்தில் போய்விட்டது. திறந்து பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது. செம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான் பச்சை படியும். ஒரு பின்னை நகத்தால் தொட்டேன், உதிர்ந்துவிட்டது. இரண்டு மாதம் சேர்த்து வைத்த காசு.

உள்ளூரில் இதைச் செய்ய நினைக்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மதுரையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் போடும் செய்முறை வீடியோ நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. நான் இப்போது செய்வது: சொருகும் ஒயர்களைத் தவிர்த்து எல்லா இணைப்பையும் சால்டர் செய்துவிடுகிறேன். சால்டர் செய்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுப் பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. காற்றழுத்த சென்சாரின் மேல் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் மட்டும் பாலிஷ் படக்கூடாது, பட்டால் சென்சார் குருடாகிவிடும். ஒயர் உள்ளே வரும் துளை பெட்டியின் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். போர்டைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறேன். இரண்டாவது பெட்டி ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது.

இதைச் சும்மா பெட்டிக் கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் இதே பிரச்சினைதான். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் என்ற வகைப் பூச்சு, போல்ட்டு இடுக்கில் உப்பு தங்காமலிருக்க வெல்டிங் இணைப்புகள் என்று கட்டியிருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து எப்படி அரிக்கிறது என்று சோதித்திருக்கிறது. உலோகத்துக்கு இந்தக் கரையைவிடக் கடினமான பரீட்சை நம் நாட்டில் குறைவு. அந்தப் பரீட்சை ஹால் என் வீட்டு மாடியில் இருப்பதை நான் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

பழைய பாலம் அழகா, புதுப் பாலம் அழகா?

பழையது 1914இல் திறந்தது. கப்பல் போக வேண்டுமென்றால் ஆட்கள் நின்று கையால் நெம்பித் திருக, நடுவில் இருந்த இரண்டு கையும் மேலே விரியும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது, 17 மீட்டர் வரைக்கும். இரண்டு பக்கக் கோபுரத்திலும் எதிர் எடை தொங்குவதால் மோட்டார் தூக்க வேண்டிய பாரம் குறைவு. கிணற்று ராட்டினத்தில் ஒரு பக்கம் வாளி இறங்கும்போது மறுபக்கம் வாளி ஏறுமே, அதே கணக்கு.

புதியது ஏறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அழகு என்று கேட்டால் பழையதுதான். கை விரிவதுபோல இருக்கும்.

உன் பெட்டி உங்க அப்பாவுக்கு உபயோகப்படுதா?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம். அப்பா எழுந்ததும் முதலில் பார்ப்பது வானத்தை. அப்புறம் கொடிமரத்துத் துணி. அதற்குப் பிறகுதான் என் பெட்டி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாம்பனுக்கு இரண்டு கடல். பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் அப்படியே மாறிவிடும். படகுகளையும் அதற்கேற்றபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவார்கள். காற்று மாறுகிற அந்த இடைப்பட்ட நாட்களில்தான் குழப்பம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அப்போது மட்டும் அப்பா என்னிடம், “ராத்திரி எந்தப் பக்கம் நின்னுச்சு, எவ்வளவு அடிச்சுது?” என்று கேட்பார். ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்தது அந்தப் பெட்டி மட்டும்தானே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நான் செய்த வேலைக்கு ஒரு மதிப்பு இருப்பதாக உணர்கிறேன்.

அப்பாவிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. மீன் கிடைத்த பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, அதில் குறித்து வைத்திருக்கிறார். தலைக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு அனுப்பும் நேரத்தை வைத்து அது இடத்தைச் சொல்கிறது என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது பேட்டரி தீர்ந்து நின்றால் என்ன செய்வது என்று அவர் எனக்கு விளக்கினார். கரையில் இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் வரும்படி படகைப் பிடிக்க வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நாம் இருக்கிறோம். ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர் உயரம். வெகுதூரம் போனாலும் அதுதான் கடைசியாக மறையும். கணக்குப் புத்தகத்தில் இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன். அது இதற்குத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

புயல் வந்தா உன் பெட்டியை நம்பலாமா?

கூடாது. இதில் நான் கண்டிப்பு. வானிலை ஆய்வு மையம் சொல்வதையும், மீன்வளத்துறை சொல்வதையும், துறைமுகத்தில் ஏற்றும் கூண்டையும்தான் நம்ப வேண்டும். பாம்பனில் 90.4இல் வரும் கடல் ஓசை வானொலியும் மீனவர்களுக்கு இதையெல்லாம் சொல்கிறது.

கூண்டு எண்கள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பத்து என்றால் பெரும் அபாயம் என்று எல்லாருக்கும் தெரியும். பதினொன்று என்னவென்று கேட்டால் பலர் முழிப்பார்கள். வானிலை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் பதினொன்று. இனி யாரும் நமக்குச் சொல்ல முடியாது என்பதையும் ஒரு அபாயமாக எண்ணி, அதற்கென்று தனியாக ஓர் அடையாளம் வைத்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! நான் எழுதும் நிரலிலும் இதைச் சேர்த்துவிட்டேன். பெட்டியிலிருந்து பத்து நிமிடம் தகவல் வராவிட்டால் திரையில் பழைய எண்ணைக் காட்டாது, “தொடர்பு இல்லை” என்று சிவப்பில் காட்டும்.

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அன்று எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பெட்டி தொடர்பு இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை.

எந்த லேப்டாப்?

அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. மெதுவாகிவிட்டது என்று மூடி வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். இப்போது நன்றாக ஓடுகிறது. பேட்டரி மட்டும் அரை மணி நேரம்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

தமிழ்ல எப்படி டைப் பண்ற?

தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. “க” விசையை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து “க்க” ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழ் அடிப்பதைவிட இது வேகம். பழக எனக்கு மூன்று வாரம் ஆனது.

தமிழைப் பற்றிக் கணினி என்ன நினைக்கிறது என்று நான் கண்டுகொண்ட கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பைத்தான் என்ற நிரல்மொழி பழகிய புதிதில் ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் நிரல் எழுதினேன். “மீன்” என்று கொடுத்தேன். ஓரத்தில் ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்க, பக்கத்தில் “னீம” என்று வந்தது. எழுத்து எத்தனை என்று கேட்டால் நான்கு என்கிறது. நமக்கு மீன் இரண்டு எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுனிகோடு அதை ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு துண்டாகச் சேமித்து வைத்திருக்கிறது. அந்தத் துண்டுகளைத் திருப்பினால் குறி தன் எழுத்தை விட்டுவிட்டுப் பக்கத்து எழுத்தின்மேல் போய் ஏறிக்கொள்கிறது. குறியையும் புள்ளியையும் அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு முதலில் சேர்த்துக் கட்டிவிட்டு, அப்புறம் திருப்ப வேண்டும். அப்படிச் செய்ததும் “ன்மீ” என்று சரியாக வந்தது.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். எனக்கு அப்படியில்லை. ஒரு படிவத்தில் பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று எல்லை வைத்து, தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் எழுத்தை எண்ணத் தெரியாத நிரலை யாரோ எழுதி, யாரும் சோதிக்காமல் விட்டதால் வருவது அது. இதைச் சரியாக எழுத நம்மில் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

ஏஐகிட்ட கேட்டா எல்லாம் சொல்லிடுமே, நீ எதுக்குக் கஷ்டப்படுற?

நானும் கேட்கிறேன். நிரலில் பிழை தேட நல்ல துணை. ஆனால் ஒருநாள் கச்சான் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டபோது வடகிழக்கு என்று தெளிவாக, தயங்காமல் சொன்னது. அது வாடையின் திசை. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது. தெரியாத ஒருவர் அதை நம்பிப் படகைத் தென்கடலில் விட்டிருந்தால்? அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். நிரல் பற்றி அதனிடம், கடல் பற்றி அப்பாவிடம், மீன் பற்றி அம்மாவிடம்.

கேம் விளையாடுவியா?

செஸ். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விளையாடுகிறோம். துப்பாக்கி விளையாட்டில் எனக்கு ஆர்வம் வரவில்லை.

ரீல்ஸ்?

பரீட்சை முடிந்த வாரம் பார்ப்பேன். மற்ற நாளில் போனில் அந்தச் செயலியே இருக்காது. எடுத்துவிடுவேன்.

ட்ரோன் வாங்கலையா? பாலத்தை மேலேருந்து எடுக்கலாமே!

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, பக்கத்திலேயே சர்வதேசக் கடல் எல்லை. இஷ்டத்துக்குப் பறக்கவிடும் இடமில்லை இது. சுற்றுலா வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. காசு போட்டு வாங்கியதைப் போலீஸிடம் கொடுத்துவிட்டு நிற்க வேண்டாம்.

பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?

இதைக் கேட்பவர்கள் என் அம்மாவை ஒருநாள் வேலையில் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில் விடிவதற்கு முன்பே கிளம்புவார்கள். ஒவ்வொரு விரலிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் வருகிறது. ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவது அகர்தான். உலகத்தின் ஆய்வகங்களுக்கு வேண்டிய பொருளை என் அம்மா கையால் எடுக்கிறார். அவர் மகள் ஒரு சால்டரிங் அயர்னைப் பிடிப்பதில் யாருக்கு என்ன ஆச்சரியம்?

அம்மாவின் கண்ணாடியில் ரப்பர் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். காற்றுப்பெட்டியைவிட அதுதான் நான் செய்ததிலேயே அதிகம் உபயோகப்பட்ட வேலை.

கலாம் மாதிரி ஆகணுமா?

ராமேஸ்வரம் தீவில் எந்தப் பிள்ளை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதிகம் யோசிப்பது அவர் தோற்ற நாளைப் பற்றித்தான். விமானப்படையில் விமானி ஆக ஆசைப்பட்டுத் தேர்வுக்குப் போனார். இருந்தது எட்டு இடம். அவருக்கு வந்தது ஒன்பதாவது. அன்றைக்கு அவர் ஊருக்குத் திரும்பி மனசொடிந்து உட்கார்ந்திருந்தால் நாம் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டோம். எனக்குப் பெட்டி கெட்டுப்போன நாட்களில் அந்த ஒன்பதாவது இடம் நினைவுக்கு வரும்.

என்ன ஆகப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கடலில் மிதக்கவிடும் அளவிடும் மிதவைகள் செய்வது எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

மேப்ல என்ன வரைஞ்சுக்கிட்டு இருக்க?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது. 2004இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தன் ஊரை வரையலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் எங்கள் பக்கம் கோயிலும் லாட்ஜும் இருந்தன. நல்ல தண்ணீர்க் கிணறு இல்லை. கடலுக்கு நூறடி தள்ளி இனிக்கிற தண்ணீர் ஊறும் கிணறுகள் தீவு முழுக்க இருக்கின்றன. உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் லேசானது, மணலுக்கு அடியில் அதன்மேல் மிதந்து நிற்கும். அதிகமாக உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் அப்பத்தா எங்கள் தெருக் கிணற்றில் மோட்டார் போட விடவில்லை. நானும் தோழி ஒருத்தியும் சைக்கிளில் போய் இதுவரை 31 கிணறுகளைக் குறித்திருக்கிறோம். எந்தக் கிணறு, எந்த மாதம் உவர்க்கிறது என்று அங்கே தண்ணீர் எடுக்கும் அக்காமாரிடம் கேட்டு ஒரு நோட்டில் தனியாக எழுதுகிறோம்.

தனுஷ்கோடிக்கு வர்றோம், என்ன பார்க்கலாம்?

1964 டிசம்பர் புயலில் அழிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் சுவர்கள் எல்லாம் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறாதீர்கள். அங்கே இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். மணலில் குழி பறித்து ஊறும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அந்தக் குழிப் பக்கம் பிளாஸ்டிக் போடாமல் போனால் அதுவே பெரிய உதவி.

கரண்ட் இல்லாதப்ப என்ன செய்வ?

மாடியில் பாய் விரித்துப் படுப்போம். பேட்டரி ரேடியோ இருக்கிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாததால் இலங்கையின் எஃப்எம் நிலையங்கள் இங்கே நன்றாகக் கேட்கும். சில ராத்திரிகளில் இன்னும் தூரத்து நிலையங்களும் வரும். கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதன் மேலே உலர்ந்த சூடான காற்றும் அடுக்காக நின்றால், ரேடியோ அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து கடலோடு ஒட்டியே வந்துசேரும். அப்பாவுக்கு அந்தக் கரைத் தமிழ் கேட்கப் பிடிக்கும். நான் எந்த நிலையம் எந்த மணிக்குத் தெளிவாக வந்தது என்று குறிப்பேன். காற்றழுத்தக் கோட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் போதுமான ராத்திரிகள் சேரவில்லை.

நானும் ஆரம்பிக்கணும். முதல்ல என்ன வாங்கணும்?

எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் ஓடாமல் கிடக்கும் ஒரு பொருளை எடுங்கள். பிளக்கில் மாட்டியிருக்கக் கூடாது. திறங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு, அந்த இடத்திலேயே டேப் ஒட்டி வையுங்கள். டிவி, மைக்ரோவேவ் அடுப்பு இரண்டையும் தொடாதீர்கள். கரண்ட்டை எடுத்த பிறகும் உள்ளே அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். சால்டரில் ஈயம் இருக்கும், கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பாடத்தில் வருகிறது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை.

படிப்பு கெடாதா?

இயற்பியலில் மதிப்பெண் கூடியிருக்கிறது. வேதியியலில் குறைந்திருக்கிறது. வேதியியலைக் காலையில் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பிடிச்ச சாப்பாடு?

வாடைக் காலத்து நகரை மீன் குழம்பு, மறுநாள் காலையில், பழைய சோற்றோடு. இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

வந்து பார்க்கலாமா?

வாருங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. மாடிக்கு ஏணிதான், மேலிருந்து இரண்டாவது படி ஆடும், அதில் முழு பாரத்தையும் வைக்காதீர்கள். கிண்ணம் சுற்றும்போது விரலை நீட்டவேண்டாம். உங்கள் வீட்டில் ஓடாத ரேடியோ, ஃபேன், டார்ச் எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து திறந்து பார்ப்போம்.